அழ இயலாத பிள்ளையின் வலி

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தன் தேவையை உரத்துச் சொல்பவருக்கே உதவி கிட்டும் என்னும் உலகியல் உண்மையை அது உணர்த்துகிறது. எனினும் அப்பழமொழிக்குள் அது வாய்விட்டுக் கூறாத வேறொரு வினா அடங்கியுள்ளது. அழ இயலாத பிள்ளையின் நிலை யாது? அழுதும் அவ்வழுகைக்குப் பொருளில்லை என்று அறிந்தோர் முடிவு கட்டிவிட்டால் அப்பிள்ளைக்காகப் பேசுபவர் யார்?

இது வெறும் கற்பனை வினா அன்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1980களின் இறுதிவரை, மேலைநாடுகளின் சிறந்த மருத்துவமனைகளிலேயே, பச்சிளங் குழந்தைகள் பலருக்குப் போதிய வலி நீக்க மருந்து இன்றி அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. அவ்வாறு செய்தவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். குழந்தைகளின் உயிரைக் காப்பதற்கெனத் தம் வாழ்நாளையே அளித்தவர்கள் அவர்கள். அவ்வழக்கம் எவ்வாறு எழுந்தது, எத்தகைய ஆய்வுகளால் மாறியது, மாறிய பின்னும் எஞ்சி நிற்கும் சிக்கல்கள் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். மருத்துவம் பயிலாத நமக்கு இதில் என்ன உண்டு என வாசகர் கேட்கலாம். இங்கு ஆராயப்படுவது மருந்து மட்டுமன்று. தன் வலிக்குத் தானே சான்று பகர இயலாத ஒருவரின் வலியை நாம் எப்பொழுது நம்புகிறோம் என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

1. வலி நீக்கத்தின் தொடக்கம்

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் நோயாளி ஒருவரை ஈதர் ஆவியை முகரச் செய்தார். பலர் முன்னிலையில் அந்நோயாளியின் கழுத்திலிருந்த கட்டி அறுவை செய்யப்பட்டது. அறுவைக் கூடத்தில் அலறல் அடங்கிய நாள் என வரலாறு அதனைக் குறிக்கிறது. அடுத்த ஆண்டில் எடின்பரோவின் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பேறுகால வலிக்குக் குளோரோஃபார்மைப் பயன்படுத்தினார்.

பேறுகால வலியை நீக்குவது ஆதியாகமம் 3:16க்கு முரணாகும் என்று எழுந்த மறுப்புகளுக்கு அவர் 1847இல் ஒரு சிறு நூலின் வாயிலாக விடையளித்தார். அவ்வசனத்தில் வரும் எபிரெயச் சொல் உழைப்பின் பாட்டைக் குறிப்பது என்றும், நிலத்தை உழும் ஆணின் பாட்டைக் குறைக்கக் கருவிகளை ஏற்றுக்கொள்வோர் பெண்ணின் பாட்டைக் குறைக்கும் மருந்தை மறுத்தல் தகாது என்றும் அவர் வாதிட்டார். ஆதாமின் விலா எலும்பு எடுக்கப்படுமுன் அவனுக்கு அயர்ந்த நித்திரை வருவிக்கப்பட்டதையும் (ஆதி. 2:21) அவர் சுட்டிக்காட்டினார். அவருடைய வேத விளக்கத்தை நாம் முழுவதும் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் அன்றைய விவாதத்தின் தன்மையைக் கவனித்தல் வேண்டும். தாய்க்கு வலி உண்டு என்பதை இரு சாராரும் ஐயுறவில்லை. அவ்வலியை நீக்குவது முறையா என்பதே கேள்வி. பச்சிளங் குழந்தைகளைப் பற்றிய விவாதமோ இதனினும் கடினமானது. அங்கு, வலி என ஒன்று உண்டா என்பதே ஐயுறப்பட்டது.

2. ‘வலி இல்லை’ என்னும் கொள்கை

இக்கொள்கைக்கு அடிப்படைகள் பல இருந்தன.

முதலாவது, செய்முறைச் சோதனைகள். 1941இல் மர்டில் மெக்ரா என்னும் அமெரிக்க உளவியலார், குழந்தைகளை ஊசி முனையால் குத்தி அவர்களுடைய எதிர்வினைகளைப் பதிவு செய்து வெளியிட்டார். பிறந்த சில நாள்களில் சில குழந்தைகள் சிறிதளவே அசைந்தன. மூளையின் மேற்பகுதி இன்னும் செயற்படத் தொடங்கவில்லை என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்பட்டது. சிறு ஊசிக்குத்தினைக் கொண்டு செய்த சோதனையின் முடிவு, காலப்போக்கில் அறுவைக் கத்திக்கும் பொருந்துவதாக எண்ணப்பட்டது.

இரண்டாவது, நரம்பியல் வாதம். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்னும் கொழுப்புறை பச்சிளங் குழந்தையில் முழுமை பெறுவதில்லை. ஆதலின் வலியுணர்வு மூளையை எட்டாது என்று கூறப்பட்டது. ஆனால் வளர்ந்த மனிதரிலும் வலியின் பெரும்பகுதியை மயலின் உறையற்ற மெல்லிய இழைகளே சுமந்து செல்கின்றன. உறை இன்மையால் செய்தி மெதுவாகச் செல்லுமேயன்றி, செல்லாதிருப்பதில்லை. அதுவும் குழந்தையின் உடலில் அச்செய்தி கடக்க வேண்டிய தொலைவு மிகக் குறைவு.

மூன்றாவது, நினைவைப் பற்றிய வாதம். குழந்தை இதனை நினைவில் கொள்ளப்போவதில்லை என்றனர். மறக்கப்படும் துன்பம் துன்பமே அன்று எனக் கொள்வதற்கு இது ஒப்பாகும்.

நான்காவது, அச்சம். இதுவே எல்லாவற்றினும் வலிமை வாய்ந்தது. இகழத் தக்கதும் அன்று. ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு மருந்தளவு ஓர் இம்மி கூடினும் மூச்சு நின்றுவிடும். இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும். மயக்க மருந்தினால் குழந்தை இறப்பதைக் கண்ணாரக் கண்ட மருத்துவர், குறைந்த மருந்தே நல்லது என்னும் முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை.

இந்நிலையில் கியூரேர் என்னும் மருந்து வந்தது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய நஞ்சு அது. 1942இல் மான்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித் என்பவர் அதனை அறுவைக் கூடத்திற்குள் கொணர்ந்தார். தசைகளை அது முற்றிலும் தளர்த்திவிடும். மூச்சினைக் கருவியின் துணையால் நடத்திக்கொண்டு, குறைந்த அளவு மயக்க மருந்துடன் அறுவையை முடிக்க இயன்றது. 1950இல் லிவர்ப்பூலின் ஜாக்சன் ரீஸ் பச்சிளங் குழந்தைகளுக்கான மயக்க முறையைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின், நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவும் தசை தளர்த்தும் மருந்தும் சேர்ந்த முறை பரவலாயிற்று. பல குழந்தைகள் இதனால் உயிர் பிழைத்தனர் என்பது உண்மை.

ஆனால் கியூரேர் வலியை நீக்குவதில்லை. இதுவும் அக்காலத்திலேயே அறியப்பட்ட செய்தியாகும். 1947இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் ஸ்மித் என்னும் மயக்க மருத்துவர், வேறெந்த மயக்க மருந்தும் இன்றிக் கியூரேரைத் தம் உடலிலேயே செலுத்தச் செய்தார். விரலையும் அசைக்க இயலாத நிலையிலும் நினைவு, செவிப்புலன், வலியுணர்வு ஆகிய அனைத்தும் மாறாதிருந்தன என்று அவர் பின்னர் சான்று பகர்ந்தார். அம்மருந்து எடுத்துவிடுவது வலியை அன்று. வலியை வெளியிடும் ஆற்றலையே. வளர்ந்தவராகிய ஸ்மித், மருந்தின் வேகம் தணிந்தபின் எழுந்து பேசினார். குழந்தையால் அங்ஙனம் பேச முடியவில்லை. அழ இயலாத பிள்ளை என நாம் தலைப்பிட்டது இதனை எண்ணியே.

3. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு

இந்தூரில் மருத்துவம் பயின்று, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்றவர் கன்வல்ஜீத் ஆனந்த். 1980களின் தொடக்கத்தில் குறைமாதக் குழந்தைகளின் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியபோது, நல்ல நிலையில் அறுவைக் கூடத்துக்குச் சென்ற குழந்தைகள் உடல் வெளிறி, மூச்சும் நாடித்துடிப்பும் நிலைகுலைந்து திரும்புவதை அவர் கண்டார். அறுவை வெற்றி பெற்றும் குழந்தை வாடுவது ஏன் என்பது அவருக்குப் புலப்படவில்லை.

விடை காண அவரும் உடன் ஆய்வாளரும் மேற்கொண்ட சோதனை 1987 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. கருவிலுள்ள குழந்தைக்கு இதயத்தையடுத்த பெருங்குழாய்கள் இரண்டுக்கும் இடையே ஓர் இணைப்புக் குழாய் உண்டு. பிறந்தபின் அது தானாகவே மூடிக்கொள்ளும். குறைமாதக் குழந்தைகள் சிலரில் அது மூடாது. மார்பைத் திறந்து அதனைக் கட்ட வேண்டியிருக்கும். அவ்வறுவைக்கு வந்த 16 குழந்தைகள், எவர் எக்குழு என்பது சீட்டுக் குலுக்கல் போன்ற முறையால் தீர்மானிக்கப்பட்டு, இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். எண்மருக்கு வழக்கமான நைட்ரஸ் ஆக்ஸைடும் கியூரேரும் மட்டும் அளிக்கப்பட்டன. மற்ற எண்மருக்கு அவற்றுடன் ஃபெண்டனில் என்னும் வலுவான வலி நீக்க மருந்தும், எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் அளவில், சேர்த்து அளிக்கப்பட்டது.

குழந்தை பேசாது, கியூரேரினால் அசையவும் அசையாது. ஆதலின் ஆய்வாளர் அதன் இரத்தத்தை வினவினர். அட்ரினலின் முதலான அவதிக்கால இயக்குநீர்கள், சர்க்கரை, லாக்டேட் ஆகியவற்றின் அளவுகளைக் கணித்தனர். ஃபெண்டனில் பெறாத குழுவில் இவை மிகுதியாக உயர்ந்தன. அறுவைக்குப் பின் 2ஆம், 3ஆம் நாள்களிலும் அக்குழந்தைகளின் உடல் தன் தசைப்புரதத்தையே கரைத்துக்கொண்டிருந்ததைச் சிறுநீர்ச் சோதனை காட்டியது. இரத்த ஓட்டச் சிக்கல்களும் வளர்சிதை மாற்றச் சிக்கல்களும் அவர்களிடமே மிகுந்தன. மருந்து குழந்தையைக் கொல்லும் என்று அஞ்சியிருந்தனர். மருந்தின்மையும் குழந்தைக்குத் தீங்கு செய்கிறது என்பது இப்பொழுது வெளிப்பட்டது.

பின்னர் அமெரிக்கா சென்ற ஆனந்த், பால் ஹிக்கி என்பவருடன் பாஸ்டனில் நடத்திய மற்றோர் ஆய்வு 1992இல் வெளியாயிற்று. கடும் இதயக் கோளாற்றுக்காக அறுவை செய்யப்பட்ட 45 பச்சிளங் குழந்தைகளில், 30 பேருக்குச் சுஃபெண்டனில் என்னும் மருந்து உயர்ந்த அளவில் தரப்பட்டது. 15 பேருக்கு ஹாலோத்தேன் வாயுவும் மார்ஃபினும் தரப்பட்டன. முதற்குழுவில் ஒருவரும் இறக்கவில்லை. இரண்டாம் குழுவில் நால்வர் இறந்தனர். 45 என்பது சிறிய எண்ணிக்கையே. ஒரே ஆய்வைக் கொண்டு மரண விகிதத்தை அறுதியிட்டுரைத்தல் தகாது. ஆயினும் வலி நீக்கம் ஒரு சலுகை அன்று, சிகிச்சையின் பகுதியே என்னும் கருத்து இதனால் வேரூன்றியது.

4. மருந்து பெறாத எண்மர்

இவ்விடத்தில் நாம் சற்று நிற்றல் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் ஃபெண்டனில் பெறாத அந்த எட்டுக் குழந்தைகளின் நிலை அறத்திற்கு ஒத்ததா?

அவர்களிடமிருந்து வழக்கமான எதுவும் பறிக்கப்படவில்லை என்பது ஒரு விடை. அக்காலத்தில் அவ்வறுவைக்கு வந்த பிற குழந்தைகள் பலர் பெற்றதையே அவர்களும் பெற்றனர். அவ்வழக்கம் ஆய்வுக்கு வெளியே, எண்ணப்படாமலும் எழுதப்படாமலும், நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. ஆய்வு அதனை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தது. எனினும் இவ்விடை நம் உள்ளத்தை முற்றிலும் அமைதிப்படுத்துவதில்லை, அமைதிப்படுத்தவும் கூடாது. ஐயம் மெய்யாகவே இருபுறமும் ஒத்திருக்கும்போது மட்டுமே இத்தகைய ஒப்பீடு நேர்மையானது. அவ்வாய்வின் முடிவு வந்த பின், அதே ஒப்பீட்டை அதே வகையில் மீண்டும் செய்ய ஒருவருக்கும் உரிமையில்லை. நல்ல ஆய்வு தன் ஒப்பீட்டுக் குழுவை இனி எவரும் அமைக்க இயலாதவாறு செய்துவிடுகிறது.

அறிவு மட்டும் போதுமாயின் இம்மாற்றம் விரைந்து வந்திருக்கும். உண்மையில் மாற்றத்தை விரைவுபடுத்தியவர்களுள் பெற்றோரும் இருந்தனர். 1985இல் வாஷிங்டன் நகரில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு இதே அறுவை செய்யப்பட்டது. குழந்தை சில வாரங்களில் இறந்தது. அறுவையின்போது தரப்பட்டது தசை தளர்த்தும் மருந்து மட்டுமே என்பதை அதன் தாய் பின்னரே அறிந்தார். குழந்தை வலியை உணர்ந்தது என்பதற்குச் சான்று இல்லை என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. அவர் ஓயாது எழுதினார். செய்தித்தாள்கள் அதனை எடுத்துரைத்தன. 1987 செப்டம்பரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், வயதினை மட்டும் காரணம் காட்டிப் பச்சிளங் குழந்தைக்கு வலி நீக்கத்தை மறுத்தல் தகாது என்று அறிவித்தது.

எனினும் பழைய வழக்கம் ஓர் அறிக்கையால் மறைவதில்லை. பத்தாண்டுகளுக்குப் பின், 1997இல், கனடாவின் எட்மன்டன் நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆண் குழந்தைகளின் நுனித்தோல் நீக்கத்தில் மூவகை மரப்பு முறைகள் ஒப்பிடப்பட்டன. நான்காம் குழுவுக்கு மரப்பு மருந்து எதுவும் தரப்படவில்லை. ஏனெனில் அக்காலத்திலும் அச்சிறு அறுவை பெரும்பாலும் அவ்வாறே நடந்துவந்தது. மரப்பு பெறாத குழந்தைகளுள் இருவருக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. உறுப்பைச் சுற்றிலும் மரப்பு ஊசி போடும் முறையே மூன்றனுள் சிறந்தது என ஆய்வு கூறியது. அதனினும் முதன்மையாக, மரப்பு மருந்தின்றி இதனைச் செய்யலாகாது என்று ஆய்வாளர் முடிவுரைத்தனர். அதே ஆண்டில் டொராண்டோ நகரில் அன்னா டாடியோ என்பவரும் உடன் ஆய்வாளரும் 87 குழந்தைகளைப் பின்தொடர்ந்து சென்று, மரப்பின்றி அறுவை பெற்றவர்கள் நான்கு அல்லது ஆறு மாதங்களுக்குப் பின் தடுப்பூசி போடப்படும்போது மற்றவரினும் மிகுந்த வலியைக் காட்டியதைக் கண்டனர். குழந்தை மறந்துவிடும் என்னும் வாதம் இதனால் தளர்ந்தது. சொல்லில் இல்லாத நினைவு உடலில் இருந்தது.

5. இரக்கம் மட்டும் போதாது

இதுவரை கண்டவற்றால், வலியுண்டு என ஒப்புக்கொண்டு மருந்தை அளித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என எண்ணத் தோன்றும். அங்ஙனம் தீரவில்லை.

செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கப்படும் குறைமாதக் குழந்தைகளுக்கு மார்ஃபினைத் தொடர்ந்து செலுத்துதல் 1990களில் பல இடங்களில் இரக்கத்தின் அடையாளமாயிற்று. 2004இல் வெளிவந்த ஆய்வில் 898 குழந்தைகள் பங்குபெற்றனர். ஆனந்தே அதன் தலைமை ஆய்வாளர். மார்ஃபின் தொடர் ஊட்டம் மரணத்தையோ மூளையில் இரத்தக் கசிவு முதலிய கேடுகளையோ குறைக்கவில்லை. குறைந்த இரத்த அழுத்தமுடைய குழந்தைகளுக்கு எச்சரிக்கை தேவை என்பதும் புலனாயிற்று. வலி நீக்கத்திற்காக வாதாடியவரே அதன் எல்லையையும் அளந்து வெளியிட்டது பாராட்டத்தக்கது.

2018இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர், குறைமாதக் குழந்தைகளின் கண் பரிசோதனைக்கும் குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பதற்கும் முன்பாக வாய்வழி மார்ஃபின் கொடுத்துப் பார்த்தனர். 156 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தும், 31 பேருடன் சோதனை நிறுத்தப்பட்டது. மார்ஃபின் பெற்றோருக்கு மூச்சு தடைப்பட்டது. வலி குறைந்ததற்கோ அறிகுறி இல்லை. நல்லெண்ணத்துடன் எல்லாருக்கும் கொடுத்திருந்தால் எத்தனை குழந்தைகளுக்குத் தீங்கு நேர்ந்திருக்கும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அளவுகோலும் ஆராயப்பட வேண்டியதே. குழந்தையின் வலியை அளக்க 1980களிலிருந்து முறைகள் வகுக்கப்பட்டன. புருவம் நெரிதல், கண்கள் இறுகுதல், மூக்கின் இருமருங்கும் மடிப்பு ஆழ்தல், இதயத் துடிப்பு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு முதலியவற்றுக்கு மதிப்பெண் இடுவர். சர்க்கரைக் கரைசலை நாவில் விட்டால் இம்மதிப்பெண் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் 2010இல் இலண்டனில், குதிகாலில் குத்தும்போது பச்சிளங் குழந்தைகளின் மூளை மின்னலைகளையும் சேர்த்துப் பதிவு செய்தபோது, சர்க்கரை பெற்றவர்க்கும் வெறும் நீர் பெற்றவர்க்கும் மூளையின் எதிர்வினையில் வேறுபாடு காணப்படவில்லை. முகம் அமைதியுற்றது, மூளை அமைதியுற்றதா என்பது ஐயமாயிற்று. சர்க்கரை பயனற்றது என இதனால் ஒரேயடியாகத் தள்ளிவிடுதல் கூடாது. இன்றும் பல மருத்துவமனைகளில் அது வழக்கில் உள்ளது. ஆயினும் அமைதியான முகத்தை வலியற்ற முகம் என எளிதில் கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கை, கியூரேர் காலத்துப் பாடத்தின் தொடர்ச்சியே.

6. தாயின் மடியும் தண்டுவட ஊசியும்

ஒப்பீட்டு ஆய்வுகள் ஆறுதலான முடிவுகளையும் தந்துள்ளன. 2003இல் பிரான்சில் ரிக்கார்டோ கார்பஜால் என்பவரும் உடன் ஆய்வாளரும் 180 நிறைமாதக் குழந்தைகளை நான்கு குழுக்களாக்கி, நரம்பில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கையில் ஒப்பிட்டனர். முதற்குழு தாய்ப்பால் அருந்திக்கொண்டிருந்தது. இரண்டாவது தாயின் கையில் இருந்தது, பால் அருந்தவில்லை. மூன்றாவதற்கு வெறும் நீர் தரப்பட்டது. நான்காவதற்கு 30 விழுக்காடு குளுக்கோஸ் கரைசலும் பின் சூப்பானும் தரப்பட்டன. பத்து மதிப்பெண் கொண்ட வலி அளவுகோலில் தாய்ப்பால் குழு பெற்ற இடைநிலை மதிப்பு 1, குளுக்கோஸ் குழு பெற்றது 3. மற்ற இரு குழுக்களும் பெற்றது 10. நம் பழமொழியைத் திருப்பிப் போட்டாற்போல், பால் குடித்த பிள்ளை அழவில்லை. ஆனால் இது சிறு ஊசிக்குத்துக்கே பொருந்தும்; அறுவைக்குத் தாயின் மடி மாற்றாகாது என்பதையும் மறத்தல் கூடாது.

அறுவைக்கு எம்முறை சிறந்தது? 2003 முதல் விலங்குகளில் நடந்த ஆய்வுகள், மயக்க மருந்துகள் வளரும் மூளையின் நரம்பணுக்களை அழிக்கக்கூடும் எனக் காட்டியதால் பெற்றோரிடையே பேரச்சம் எழுந்தது. பழைய அச்சம் புதிய வடிவில் திரும்பி வந்தது எனலாம். இதற்கு விடை காண ஆண்ட்ரூ டேவிட்சன், மேரி எலன் மெக்கான் ஆகியோர் தலைமையில் 7 நாடுகளின் 28 மருத்துவமனைகள் இணைந்தன. குடலிறக்க அறுவைக்கு வந்த 722 கைக்குழந்தைகளுள் ஒரு பாதியினருக்குச் சீவோஃப்ளூரேன் வாயுவால் முழு மயக்கம் தரப்பட்டது. மற்றவர் விழித்திருக்க, முதுகுத் தண்டுவடப் பகுதியில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மட்டும் மரக்கச் செய்யப்பட்டது. குழந்தைகளை ஐந்து வயது வரை பின்தொடர்ந்து, 2019இல் முடிவை வெளியிட்டனர். நுண்ணறிவுத் தேர்வில் இரு குழுக்களின் சராசரியும் ஏறத்தாழ 99. வேறுபாடு இல்லை. அவர்கள் மயக்கத்தில் இருந்த இடைநிலைக் காலம் 54 நிமிடம். ஆதலின் ஒரு மணி நேரத்திற்குட்பட்ட ஒரே ஒரு மயக்கத்தைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை என்பதே இவ்வாய்வு தரும் உறுதி. நீண்ட நேர மயக்கத்திற்கும் பலமுறை தரப்படும் மயக்கத்திற்கும் இவ்வுறுதியை நீட்டிக்க இயலாது.

7. முடிவுரை

வலி ஆய்வுக்கான பன்னாட்டுக் கழகம் 1979இல் வெளியிட்ட வலியின் இலக்கணம், விவரித்துச் சொல்லும் ஆற்றலோடு வலியைப் பிணைத்ததாகக் குறை கூறப்பட்டது. 2020இல் அதனைத் திருத்தியபோது, வலியைச் சொல்லால் வெளியிடுதல் அதனைக் காட்டும் வழிகளுள் ஒன்று மட்டுமே என்றும், சொல்ல இயலாமை வலி இன்மைக்குச் சான்றாகாது என்றும் விளக்கம் சேர்த்தனர். சில சொற்களே மாறின. ஆனால் அம்மாற்றம், யார் எதை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் பொறுப்பை இடம் மாற்றியது. முன்பு, வலி உண்டு எனக் குழந்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இப்பொழுது, வலி இல்லை எனக் கூறுபவரே மெய்ப்பிக்க வேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. பேச இயலாதவரின் வலியை முதலில் நம்புதல் ஒன்று. அவ்வலிக்கு நாம் அளிக்கும் மருந்து உண்மையாகவே துன்பத்தைக் குறைக்கிறதா என ஒப்பிட்டு ஆராய்தல் மற்றொன்று. நம்பாத ஆராய்ச்சி, மருந்தின்றி அறுக்கும் கத்தியாயிற்று. ஆராயாத இரக்கம், மூச்சை நிறுத்தும் மார்ஃபினாயிற்று.

இவை மருத்துவமனையோடு நில்லாமல் நம் இல்லங்களுக்கும் ஊழியத்திற்கும் வருகின்றன. குழந்தைக்கு அறுவை நடக்குமுன், எவ்வகை மயக்கம் தரப்படும், அறுவைக்குப் பின் வலி எவ்வாறு கவனிக்கப்படும் என்று கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது. கேட்கத் தயங்கும் பெற்றோருடன் சென்று கேட்பது, நோயாளரைச் சந்திக்கும் ஆயரின் பணியில் அடங்கும். தடுப்பூசியின்போது குழந்தையைத் தாய் மடியில் வைத்துப் பாலூட்டுவதை 2015இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதற்குச் செலவு ஒன்றுமில்லை. செவிலியரிடம் ஒரு சொல் கேட்டால் போதும்.

சொல்லிழந்து படுத்திருக்கும் முதியோரும், பேச்சின்றிப் பிறந்தோரும், பக்கவாதத்தால் நாவெழாதோரும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் முகம் அமைதியாக இருப்பதனால் அவர்களுக்கு வலியில்லை என முடிவு செய்யுமுன், ஆக்ஸ்ஃபோர்டின் அந்த எட்டுக் குழந்தைகளை நினைத்துக்கொள்வோம். அவர்கள் அழவில்லை, அசையவும் இல்லை. கேட்க முன்வந்தவர் ஒருவர் இருந்ததனால், அவர்களுடைய இரத்தம் பேசிற்று.